செஞ்சியின் அகழியும் தேசிங்குராசன் பாட்டும்

பழந்தமிழர் அரண் என்ற சொல்லுக்கு மதில் என்று மட்டும் பொருள் கொள்ளவில்லை. தெளிந்த நீர், வெட்டவெளியான நிலம், மலை, நிழலடர்ந்த காடு ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததே அரண் என்பது வள்ளுவர் கருத்து. மதிலை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட மதிலைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை இரு திணைகளாகப் பகுத்தது. தொல்காப்பியமோ இவ்விரண்டையும் உழிஞையுள்ளேயே அடக்கியது. கோட்டையைக் கொள்வதும் காப்பதும் தனித்த இலக்கணமாக வகுக்கும் அளவிற்கு அரண் பற்றிய சிந்தனை தமிழில் வேரூன்றியிருந்தது.

மதிலைச் சூழ்ந்த நீர்ப்பள்ளத்தை அகழி என்றும் கிடங்கு என்றும் இலக்கியம் கூறும். கிடங்கு என்ற சொல் ஓர் ஊரின் பெயராகவும் நிலைத்துள்ளது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாயிருந்த கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகக் கிடங்கல் என்னும் பெயரில் வழங்குகிறது. அரசன் மறைந்தான், அரண்மனை மறைந்தது, மண்ணைத் தோண்டிய செயல் மட்டும் ஊரின் பெயரில் தங்கியது. அங்கிருந்து மேற்கே திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றால், தமிழகத்தின் நாட்டுப்புறத்தில் எஞ்சியிருக்கும் பெரும் அகழிக் கோட்டைகளுள் ஒன்றாகிய செஞ்சி கண்ணில் படும்.

செஞ்சியைப் பற்றி எழுதியோர் மலையையும் மதிலையுமே பெரிதும் வியந்தனர். அகழியைப் பற்றிய செய்திகள் ஒருசில வரிகளில் முடிந்துவிடும். ஆயினும் அக்கோட்டையின் வரலாற்றை அகழியின் கரையில் நின்று நோக்கும்போது வேறொரு வினா எழுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் பல அரசுகள் அகழ்ந்தும் அகலப்படுத்தியும் காத்த இவ்வரணைப் பற்றி மக்கள் பாடிய பாட்டு, அரணைக் காத்தவனைப் பற்றியதன்று. அதை விட்டு வெளியேறிச் சென்று மாண்டவனைப் பற்றியது. இது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண முதலில் நிலத்தையும், பின்னர் வரலாற்றையும், அதன்பின் பாட்டையும் காண்பது முறையாகும்.

மலையும் மதிலும் நீரும்

செஞ்சிக் கோட்டை மூன்று குன்றுகளின் மேல் அமைந்தது. மேற்கே இராசகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என்பன அவை. மூன்றனுள் உயர்ந்த இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. குன்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டையாகவும், அவற்றை இணைக்கும் நெடுமதில் சமவெளியையும் உள்ளடக்கிய ஒரே பெருங்கோட்டையாகவும் வகுக்கப்பட்டன. பாறையை வெட்டி மலையைத் திருத்துவதினும், உருண்டு கிடக்கும் பெரும்பாறைகளை அவை கிடக்கும் இடத்திலேயே மதிலின் உறுப்பாக்கிக் கொள்ளும் முறையே இங்கு மிகுதி. எது இயற்கை, எது செயற்கை என்று பிரித்தறிய முடியாத இடங்கள் பல.

இராசகிரியின் அடிவாரக் கோட்டையைக் காத்து நின்றது அகழி. அதன் அகலம் ஏறத்தாழ 80 அடி. அகழியின் பயன் பகைவன் நீந்த முடியாமல் தடுப்பது மட்டுமன்று. ஏணியை மதிலில் சாத்த இயலாதபடி செய்வது ஒன்று. மதிலின் அடியில் சுரங்கம் தோண்ட முயல்பவனை நீரால் தடுப்பது மற்றொன்று. அகழ்ந்தெடுத்த மண் மதிலின் உட்பக்கத்தை நிரப்பி அதற்குத் திண்மை தரும். ஆகவே அகழியும் மதிலும் இரண்டு வேலைகளல்ல. ஒரே உழைப்பின் பள்ளமும் மேடுமே அவை.

மலையுச்சியிலும் ஓர் அகழி உண்டு. ஆனால் அது மனிதர் தோண்டியதன்று. இராசகிரியின் உச்சிக்கு ஏறும் வழியில், பாறை இரண்டாகப் பிளந்து ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இடப்பட்ட மரப்பாலம் ஒன்றே உச்சிக்கு வழி. பாலத்தை இழுத்துக்கொண்டால் ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்து நிற்க முடியும். கீழே கை தோண்டிய அகழி, மேலே இயற்கை தந்த அகழி என இருமுறை காக்கப்பட்டது இராசகிரி.

கோட்டைக்குள் நீர் குடிக்கவும் பயன்பட்டது. சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் உள்ளன. கல்யாண மகால் என்னும் அடுக்கடுக்கான மாடக் கட்டடத்திற்குச் சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. களஞ்சியம், குதிரை இலாயம், யானைக்குளம் முதலியவை அருகருகே அமைந்துள்ளன. முற்றுகையின்போது தேவைப்படும் நெல், நீர், விலங்கு ஆகிய மூன்றையும் மதிலுக்குள் வைத்துக்கொண்ட திட்டம் இதனால் விளங்கும்.

ஆயரும் நாயக்கரும்

கோட்டை எழும் முன்பே இந்நிலம் வரலாறு உடையது. அருகிலுள்ள சிங்கவரம் பல்லவர் காலக் குடைவரைக்குப் பெயர் பெற்றது. மேலச்சேரி பழைய செஞ்சி என்றே வழங்குகிறது. திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. சமணம், சைவம், வைணவம் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் குன்றுகளில் வாழ்ந்த மண் இது.

கோட்டையின் தோற்றத்தை ஆயர் ஒருவரோடு இணைக்கிறது கர்ணபரம்பரை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் என்பவர் கமலகிரி என்னும் குன்றில் கோட்டை எழுப்பி அதற்கு ஆனந்தகிரி எனப் பெயரிட்டார் என்கிறது. ஆடு மேய்க்கும்போது அவருக்குப் புதையல் கிடைத்ததாகவும், அதுவே அவர் அரசுக்கு முதலாயிற்று என்றும் கதை செல்கிறது. அவர் மரபில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரால் அடுத்த குன்று கிருஷ்ணகிரி ஆயிற்று என்பர். புதையல் கதையைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் மலையின் சுனையும் சரிவும் மேய்ச்சல் நிலமும் நன்கறிந்தவர்கள் ஆயர்களே என்பதும், அரசன் ஒருவனை அல்லாமல் ஆயன் ஒருவனையே கோட்டைக்கு முதல்வனாக மக்கள் நினைவு ஏற்றது என்பதும் கருதத்தக்கன.

விசயநகரப் பேரரசின் கீழ்ச் செஞ்சி நாயக்கர்களின் தலைநகராயிற்று. இன்று காணும் பெரும் கட்டடங்களுள் பல அவர்கள் காலத்தவை. 1597இல் செஞ்சிக்கு வந்த இயேசு சபைத் துறவியான பிமென்டா, கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்துக் குறிப்பு எழுதி வைத்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்த்துகல் நாட்டில் லிஸ்பன் நீங்கலாக வேறெந்த நகரும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதினார். நகரின் நடுவே கோட்டை ஒன்று மற்றொரு நகரம் போல நின்றதையும், அதைப் பெருங்கற்களாலான மதிலும் நீர் நிறைந்த அகழியும் சூழ்ந்திருந்ததையும், நடுவிலுள்ள பாறை இயற்கையாலும் மனித முயற்சியாலும் கொத்தளமாக அமைந்திருந்ததையும் அவர் குறித்துள்ளார். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியின் அகழி நீரோடு விளங்கியது என்பதற்கு நேரில் கண்டவர் தரும் சான்று இது.

1649இல் செஞ்சி பீசப்பூர் சுல்தானின் படையிடம் வீழ்ந்தது. நாயக்கர் ஆட்சி முடிந்தது. பீசப்பூரார் கோட்டைக்குப் பாதுஷாபாத் எனப் பெயரிட்டனர்.

மீண்டும் அகழ்ந்த காலம்

1677இல் தென்னகப் படையெடுப்பின்போது சிவாஜி செஞ்சியைப் பெரும்போர் இன்றியே பெற்றார். பெற்றதோடு நில்லாமல் கோட்டையை முழுமையாகத் திருத்தினார். 1678இல் ஆந்திரே பிரேயர் என்னும் இயேசு சபைத் துறவி எழுதிய மடல், புதிய மதில்கள் எழுந்ததையும், அகழிகள் தோண்டப்பட்டதையும், கோபுரங்களும் நீர்நிலைகளும் அமைக்கப்பட்டதையும் கூறி, ஐரோப்பியரும் குறை காண முடியாத நேர்த்தி அப்பணியில் இருந்தது என்று பாராட்டுகிறது.

பிமென்டாவின் குறிப்புக்கும் பிரேயரின் மடலுக்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 80 ஆண்டு. முன்னவர் கண்டது நீர் நிறைந்த அகழி. பின்னவர் கூறுவது அகழிகள் தோண்டப்பட்ட செய்தி. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அகழி என்பது ஒருமுறை தோண்டி முடித்துவிடும் பொருளன்று. மழை கரையை அரிக்கும். வண்டல் அடியில் படியும். தாமரையும் கோரையும் மேலே படரும். தூர் வாராத அகழி சில தலைமுறைகளில் வயலாகிவிடும். ஆகவே ஒவ்வோர் அரசும் அதை மீண்டும் மீண்டும் அகழ வேண்டியிருந்தது. மதிலைக் கட்டியவன் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அகழியைத் தோண்டிய கைகளோ பெயரற்றவை. நாயக்கருக்கும் மராட்டியருக்கும் மண் சுமந்தவர் யார் என்று பிமென்டா கேட்கவில்லை, பிரேயரும் கேட்கவில்லை. அரசு மாறினாலும் கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் அதே சுற்றுவட்டார மக்களின் மரபினராகவே இருந்திருப்பர் என ஊகிப்பது பிழையாகாது.

ஏழாண்டும் ஓரிரவும்

சிவாஜி செய்த திருத்தத்தின் பயன் அவர் மறைவுக்குப் பின்னரே தெரிந்தது. 1689இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். இளைய மகன் இராசாராம் மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சியை அடைந்தார். மராட்டிய அரசு சில ஆண்டுக்காலம் இக்கோட்டையிலிருந்தே இயங்கியது. அவரைப் பிடிக்க அனுப்பப்பட்ட முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை வீழ்ந்ததோ 1698இன் தொடக்கத்தில். ஏழாண்டுகளுக்கு மேல் நீண்ட இம்முற்றுகை தென்னக வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.

ஆயினும் அவ்வேழாண்டுகளும் கோட்டை இறுக முற்றுகையிடப்பட்டிருந்தது எனக் கருதுதல் கூடாது. சாந்தாஜி கோர்படே, தனாஜி யாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து முகலாயப் பாசறையையே வளைத்தனர். உணவின்றித் தவித்த முகலாயப் படை 1693இல் வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பேரரசரின் மகன் காம்பக்ஷ் பகைவரோடு மறைவில் பேசினார் என்ற ஐயத்தின்பேரில், சொந்தத் தளபதிகளாலேயே காவலில் வைக்கப்பட்டார். அப்படையுடன் இருந்த பீம்சேன் என்னும் வரலாற்றாசிரியர், சுல்பிகர்கான் விரும்பியிருந்தால் கோட்டையை முன்பே பிடித்திருக்கலாம். போர் நீள்வதில் தளபதிகளுக்கு ஆதாயம் இருந்தது என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளார். இறுதியில் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் தப்பிச் சென்றுவிட்டார். கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்னும் புதிய பெயர் சூட்டப்பட்டது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 1750 செப்டம்பரில் நடந்தது. புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை, வாயிலை வெடிமருந்தால் தகர்த்து உள்ளே புகுந்து, ஒரே இரவில் மூன்று குன்றுகளையும் கைப்பற்றியது. அதே மலை, அதே மதில், அதே அகழி. முன்பு ஏழாண்டு நின்றது இப்போது ஓரிரவுகூட நிற்கவில்லை. எத்துணை மாட்சி உடையதாயினும் செயல்மாட்சி உடையார் இல்லாதவிடத்து அரண் பயனற்றது என்று வள்ளுவர் அதிகாரத்தை முடித்தது எத்துணைப் பொருத்தம் என்பதற்குச் செஞ்சி ஓர் எடுத்துக்காட்டு.

வென்றவர்க்கும் கோட்டை நலம் தரவில்லை. பிரெஞ்சுக்காரர் பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பிய வீரர்களை இவ்விடத்தின் ஒவ்வாத சூழலால் நோய்க்குப் பலி கொடுத்தனர் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். புதுச்சேரி வீழ்ந்தபின் 1761 ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1780இல் ஹைதர் அலியின் படை அதைப் பிடித்தது. அதன்பின் இக்கோட்டைக்குப் போர்ப்பயன் இல்லாமற் போயிற்று. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் புதுச்சேரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து சென்றவையே.

பாட்டு யாரைத் தேர்ந்தது?

இவ்வளவு நெடிய வரலாற்றில் மக்கள் பாட்டுக்குப் பொருளானவன் ஒருவனே. அவன் செஞ்சியை ஆண்டது ஓராண்டும் நிறையாத காலம்.

சுல்பிகர்கானுக்குப் பின் கோட்டை பந்தேலர் குலத்துச் சரூப்சிங் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1714இல் அவர் மறைந்தபின் அவர் மகன் தேஜ்சிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். அவனே மக்கள் நாவில் தேசிங்கு ஆனான். தந்தை செலுத்தாத கப்பத்தைக் கேட்டு ஆர்க்காட்டு நவாபு சதத்துல்லாகான் படையோடு வந்தார். பேரரசரிடமிருந்து நேரே கோட்டையைப் பெற்றவர்கள் தாங்கள் என்றும், நவாபுக்குக் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றும் கூறித் தேசிங்கு மறுத்தான். 1714 அக்டோபரில் போர் மூண்டது. அவனுக்கு அப்போது அகவை 22 என்பர்.

அறிவுடைய படைத்தலைவன் அந்நிலையில் செய்யத்தக்கது எது என்பதில் ஐயமில்லை. மதிலின் பின் இருக்க வேண்டும். பாலத்தை இழுத்துக்கொள்ள வேண்டும். களஞ்சியத்து நெல்லை அளந்து கொடுத்துக் காலம் கடத்த வேண்டும். இராசாராம் ஏழாண்டு தாக்குப்பிடித்த அதே கோட்டை அவனிடம் இருந்தது. ஆனால் அவன் சில நூறு குதிரை வீரர்களோடு வெளியே வந்தான். பெருக்கெடுத்தோடிய ஆற்றைக் கடந்து, நவாபின் பெரும்படையை வெட்டவெளியில் எதிர்த்து, குண்டடிபட்டு மாண்டான்.

தேசிங்குராசன் கதை இச்செய்தியை எடுத்துக்கொண்டு தன் வழியில் வளர்த்தது. தில்லியில் எவராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையை அடக்கியவனாக அவன் வருகிறான். அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் எனப் பாட்டு வழங்கும் மகமதுகான். திருமண மேடையிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகப் போரிட்டு அவனும் மாள்கிறான். சிங்கவரத்து அரங்கநாதரிடம் தேசிங்கு விடைபெறச் சென்றபோது, போர் வேண்டா என்பதற்குக் குறியாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்ற கதை அவ்வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. நீலாம்பூண்டியில் மகமதுகானின் கல்லறையும் குதிரையின் கல்லறையும் காட்டப்படுகின்றன. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே சதத்துல்லாகான் ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் எழுப்பிய ஊருக்கு இராணிப்பேட்டை எனப் பெயரிட்டார் என்பது வழக்கு. பகைவனும் மதித்த வீரம் என்று பாட்டும் பெயரும் ஒருங்கே சொல்கின்றன.

இங்குக் கருத வேண்டிய செய்திகள் சில. தேசிங்கு தமிழனல்லன். அவன் ஆட்சியால் இம்மண்ணுக்கு விளைந்த நன்மை எதுவும் பாட்டில் பேசப்படவில்லை. அகழி தோண்டிய நாயக்கருக்கும், அதைப் புதுப்பித்த சிவாஜிக்கும், ஏழாண்டு காத்த இராசாராமுக்கும் கிடைக்காத பாட்டு, பத்து மாதம் ஆண்ட வடநாட்டு இளைஞனுக்குக் கிடைத்தது. புறத்திணை மரபில் சொன்னால், செஞ்சியில் பல முறை உழிஞை நடந்தது. பல முறை நொச்சி நடந்தது. மக்களோ அவற்றைப் பாடவில்லை. இருபடைகள் வெட்டவெளியில் எதிர்நின்று பொரும் தும்பையையே பாடினர்.

இதற்குக் காரணம் வீரத்தின் மீதுள்ள விருப்பம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. முற்றுகை என்பது கோட்டைக்குள் இருப்பவர்களுக்கே பெருமை தரும் போர். மதிலுக்கு வெளியே வாழும் உழவர்க்கும் ஆயர்க்கும் அது ஒரு நீண்ட பஞ்சம். பாசறைப் படை அவர்கள் நெல்லை உண்ணும்; அவர்கள் மாட்டை ஓட்டிச் செல்லும்; மரத்தை வெட்டி விறகாக்கும். அகழியின் அக்கரையில் காக்கப்படுபவன் அரசன். இக்கரையில் காப்பாரின்றி நிற்பவர் மக்கள். ஏழாண்டு முற்றுகையை அவர்கள் ஏழாண்டுத் துன்பமாகவே நினைவில் கொண்டிருத்தல் இயல்பு. துன்பத்தை மறக்கவே எவரும் விரும்புவர், பாட விரும்பார். தேசிங்கோ ஒரே நாளில் போரை முடித்தான். அகழிக்குப் பின்னால் பதுங்காமல், மக்கள் நின்ற அதே கரைக்கு வந்து, அவர்கள் கண்முன் வீழ்ந்தான். அவனுடன் வீழ்ந்தவன் வேறு சமயத்தவனாகிய நண்பன். காப்பவன் என்பதற்காக அல்லாமல், தம்மைப்போல் காப்பின்றி நின்றவன் என்பதற்காகவே அவன் பாட்டுக்கு உரியவன் ஆனான் எனக் கொள்ளலாம்.

வரலாற்று நோக்கில் தேசிங்கின் செயல் அறியாமை எனப்படலாம். சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூல் ஆவணங்களை முறையாக ஆய்ந்து அரசர் வரிசையைத் தெளிவாக்கியது. அத்தகைய ஆய்வு இன்றியமையாதது. ஆயினும் ஆவணம் அரசனின் கரையிலிருந்து பேசுகிறது. பாட்டு மறுகரையிலிருந்து பேசுகிறது. பாட்டில் ஆண்டும் எண்ணும் பிழைபடலாம். ஒரு காலத்து மக்கள் எதை மதித்தனர் என்பதில் அது பிழைபடுவதில்லை.

பெயர்களும் நினைவும்

செஞ்சிக்கு வந்த ஒவ்வோர் அரசும் அதற்குத் தன் பெயரைச் சூட்ட முயன்றது. ஆனந்தகிரி, பாதுஷாபாத், நுஸ்ரத்கட் என்ற பெயர்கள் ஏட்டில் மட்டும் உள்ளன. மக்கள் நாவில் செஞ்சி செஞ்சியாகவே நின்றது.

1921இல் இக்கோட்டை பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாயிற்று. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியப் படை நிலப்பரப்புகள் என்னும் பொதுத் தலைப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளுள் 11 மராட்டிய மாநிலத்தவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. இவ்வேற்பினால் கோட்டைக்குக் கிடைக்கும் கவனிப்பும் பாதுகாப்பும் வரவேற்கத்தக்கன. சிவாஜி காலத்துப் பணியின் சிறப்புக்குப் பிரேயரின் மடலே சான்றாதலின் அத்தலைப்பு ஆதாரமற்றதும் அன்று. ஆனால் மராட்டியர் செஞ்சியை ஆண்டது ஏறத்தாழ இருபதாண்டு. ஆயர் மரபும், நாயக்கர் கட்டிய களஞ்சியமும் கல்யாண மகாலும், சதத்துல்லாகான் எழுப்பிய பள்ளிவாசலும், பிரெஞ்சுக்காரர் சேர்த்த கொத்தளமும் அதே மதிலுக்குள் நிற்கின்றன. ஒரு பெயர் பலகையில் ஏறும்போது மற்றப் பெயர்கள் மறையாமல் பார்த்துக்கொள்வது கற்றோர் கடமை. இதில் தமிழர் பெருமை, மராட்டியர் பெருமை என்ற போட்டிக்கு இடமில்லை. ஓரிடத்தின் வரலாற்றை ஒருவரின் வரலாறாகச் சுருக்கலாகாது என்பதே கருத்து.

கல்லையும் மதிலையும் காக்கத் துறைகள் உள்ளன. பாட்டைக் காப்பதற்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. தேசிங்குராசன் கதை அச்சில் வந்துவிட்டது என்பது உண்மை. எனினும் அச்சில் வந்தது ஒரு பாடம்; கூத்து மேடையிலும் திண்ணையிலும் வழங்கிய பாடங்கள் பல. செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் நீலாம்பூண்டியைப் பற்றியும், முகம் திருப்பிய பெருமாளைப் பற்றியும், ஆனந்தக் கோனின் புதையலைப் பற்றியும் முதியோர் சொல்லும் கதைகள் அவர்களோடு மறையக்கூடியவை. அவற்றை ஊர்தோறும் சென்று, சொல்பவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைப்பது இலக்கிய வட்டங்களால் இயலும் பணி. அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையும் செவியும் போதும். தூர் வாராத அகழி வயலாகிவிடுவதுபோல, கேட்பாரற்ற பாட்டும் சில தலைமுறையில் தடமின்றி மறையும். செஞ்சியின் அகழியைத் தோண்டியவர்களின் பெயரை எந்த ஆவணமும் தராது. அவர்கள் மரபினர் எதைப் பாடினர் என்பதையேனும் அறிந்து வைத்தல், அக்கரையிலிருந்து கேட்கும் ஒரே குரலை இழக்காமல் காப்பதாகும்.